அத்தையும் மழைக்கு ஒதுங்கியவர்களும்

என் அத்தை ஒரு ட்ரை கிளீனிங் கடையில் இஸ்திரி மேசையைப் பார்த்துக்கொள்கிறவள். அப்பாவுக்குத் தங்கை. அவள் கையில் அகப்பட்ட சட்டை கசங்கலோடு வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. அவளிடம் வாய் கொடுத்தவர்கள்தான் கொஞ்சம் கசங்கிப்போவார்கள்.

அந்தக் கடையில் துணியை இயந்திரத்தில் போடுவதற்கு முன் பைகளைத் துழாவிப் பார்ப்பது வழக்கம். சீப்பு, சாவி, பாதி தின்ற மிட்டாய் எல்லாம் கிடைக்கும். ஒருமுறை பல்செட், கீழ்வரிசை மட்டும். அப்படித்தான் ஒரு மழைக்காலத்தில் ஒரு கம்பளிக் கோட்டின் உள்பையிலிருந்து அந்த கேசட் வந்தது. அதன்மேல் பேனாவால் 'மழைக்கு ஒதுங்கியவர்கள் – ஈரக்குடை' என்று எழுதியிருந்தது. கோட்டுக்காரர் வந்தபோது அத்தை அதை எடுத்து நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்களே வெச்சுக்குங்கம்மா. என் மச்சான் குடுத்தது. கேட்டதுலேருந்து தலை ஒரு பக்கமா வலிக்குது."

கடையில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் உண்டு. அத்தை போட்டுப் பார்த்தாள். முதலில் குடையைப் பற்றி நாலு வரிப் பாட்டு. அப்புறம் ஒரு கிடார் கிளம்பியது. கிளம்பியது திரும்புகிற வழியாக இல்லை. கீபோர்டு அதன் பின்னாலேயே போயிற்று, அதையும் காணோம். டேப் சிக்கிக்கொண்டதென்று நினைத்து அத்தை இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்தாளாம். கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்தபோதுதான் பாட்டும் தீர்ந்தது. பின்பக்கம் காலி. நிமிர்ந்து பார்த்தால் அன்றைக்கு எடுத்து வைத்திருந்த சட்டைகள் எல்லாம் முடிந்து ஹாங்கரில் தொங்குகின்றன. கை வலித்ததாகவே தெரியவில்லை.

அன்றிலிருந்து இருபது வருடம் அத்தை கேட்டது அந்த ஒரே பாட்டைத்தான். கேசட் தேய்ந்தபோது நான்தான் அதைப் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு சுரம் விடாமல் அவளுக்கு மனப்பாடம். காலருக்குக் கிடார், கைகளுக்குக் கீபோர்டு என்று சட்டையையே அந்தப் பாட்டின்படி பிரித்து வைத்திருந்தாள். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் தணிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது யாரோ "லொக்கு லொக்கு" என்று இருமுவார்கள். உடனே டிரம்ஸ் தடதடவென்று இறங்கும். அந்த இருமலும் பாட்டில் ஓர் அங்கம் என்றே அத்தை நம்பினாள். முணுமுணுக்கும்போது அந்த இடம் வந்தால் தானும் இருமுவாள். நாளடைவில் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இரும ஆரம்பித்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் பின்வாங்கியதும் உண்டு.

மாமா பேருந்து ஓட்டுநர். அவருக்கு இந்தப் பாட்டு ஆகவே ஆகாது.

"நான் ஒரு ட்ரிப் அடிச்சு, டீ குடிச்சு, கால நீட்டி உக்காந்துட்டு வரேன். இன்னும் அதே பாட்டு ஓடுது. இது பாட்டா, அடைமழையா?" என்பார்.

"மூணு நிமிஷத்துல முடியறதுக்கு அது என்ன முட்டையா, வேக வைக்க?" என்பாள் அத்தை.

போன வருடம் ரயில் நிலையச் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். 'புகழ்பெற்ற ஜாம் பேண்ட் மழைக்கு ஒதுங்கியவர்கள், நேரில்' என்றிருந்தது. அவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். மேசைமேல் வைத்து, கசங்கல் எடுப்பதுபோல உள்ளங்கையால் நீவிவிட்டாள். 

மாமா வாங்கிப் பார்த்தார். "ஜாம் பேண்டுன்னா என்னம்மா?"

எனக்கும் தெரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஜாம் ஒண்ணுதான். அதுல நான் தினமும் உக்காந்துட்டுதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமையும் டிக்கெட் எடுத்து உக்காரணுமா?"

"நீங்க வரலேன்னா நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்றாள் அத்தை. மாமா டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரமாக அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமாவின் சட்டைக்குக் கஞ்சி போட்டு அட்டை மாதிரி ஆக்கினாள். என் ஜீன்ஸை வாங்கிக்கொண்டு போய் நேர்கோடாக மடிப்பு வைத்துவிட்டாள். போகும் வழியெல்லாம் எனக்குப் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி இருந்தது.

நிகழ்ச்சி ஒரு மூடிக்கிடந்த ஆலையின் புல்வெளியில், பிற்பகலில் நடந்தது. மடக்கு நாற்காலிகள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாடிக்காரர், இசைக்குழுவின் பெயர் போட்ட பனியனோடு, ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடைக்கு ஐந்து பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். அத்தை என் காதருகே குனிந்தாள்.

"இவங்க பசங்க எப்பம்மா வருவாங்க?"

"அத்தை, இவங்கதான் அவங்க."

அத்தை கண்ணைச் சுருக்கி மேடையைப் பார்த்தாள். அவள் மனதில் அவர்கள் அந்த கேசட்டில் இருந்த வயதிலேயே இருந்திருக்கிறார்கள்.

முதல் பாட்டே ஈரக்குடை. நாலு வரி முடியும்வரை அத்தையின் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. உதடு அசைந்தது. பிறகு கிடார் கிளம்பியது. அத்தையின் உதடு ஒரு பக்கம் போயிற்று, கிடார் இன்னொரு பக்கம் போயிற்று.

"தப்பு" என்றாள்.

"என்ன அத்தை?"

"தப்பா வாசிக்கிறான். இங்க மேல ஏறணும். இவன் கீழ இறங்குறான் பாரு."

நான் கையை அழுத்தினேன். கீபோர்டு வந்தது. "இவனும் தப்பு. வயசாயிடுச்சில்ல, மறந்துட்டாங்க பாவம்." தாடிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அத்தை விடவில்லை. அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது தன் கடமை என்று நினைத்தவள்போல, தன் கணக்குப்படி அந்த இடம் வந்ததும் பலமாக, "லொக்கு லொக்கு" என்று இருமினாள். மேடையில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் இருமினாள்.

"அம்மா, தண்ணி வேணும்னா அங்க இருக்கு" என்றார் தாடிக்காரர்.

மாமா தூங்கிவிட்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை அவரைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் விழித்து, "இன்னும் அதேதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கினார். கைதட்டலுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

இடைவேளையில் அத்தை எழுந்தாள். "எங்க, அத்தை?" என்றால், "ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்கிறாள். எனக்குப் பயம் பிடித்தது. கசங்கிப்போன சட்டைகளை நினைத்து அல்ல. ஐந்து கிழவர்களை நினைத்து. பின்னாலேயே ஓடினேன்.

மேடைக்குப் பக்கத்தில், கவிழ்த்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் அருகே, டிரம்ஸ் வாசிப்பவர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த முடியைப் பின்னால் முடிந்திருந்தார். அத்தை நேராகப் போய் நின்றாள்.

"தம்பி, ஈரக்குடைய ஏன் மாத்தி வாசிச்சீங்க?"

தன்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பதில் அவருக்கு ஒரு கணம் சந்தோஷம்தான். "எதுலேருந்தும்மா மாத்தி?"

"பாட்டுலேருந்துதான்!"

அவர் சிரித்தார். "நாங்க அத ஒரு தடவகூட ஒரே மாதிரி வாசிச்சது இல்லம்மா. அந்த நாலு வரிதான் பாட்டு. மத்ததெல்லாம் அப்பப்ப வர்றது. அதுக்குப் பேருதான் ஜாம். கூடி உக்காந்து, ஒருத்தன் போற வழில இன்னொருத்தன் போயிப் பாக்குறது."

அத்தை என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, அது வீடே இல்லை, ரயில் பெட்டி என்று கேள்விப்பட்டதுபோல இருந்தது அவள் முகம்.

"அப்ப நான் கேட்டுக்கிட்டு இருக்கறது?"

"அது என்னைக்கோ வந்தது. என்ன வந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எதுல கேட்டீங்க?"

அத்தை பாடிக் காட்டினாள். பாடினாள் என்று சொல்லமுடியாது. கிடார், கீபோர்டு, எல்லாமாக மாறி மாறி முனகினாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் டிரம்மில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கிடார்காரரும் வந்து நின்றார். அத்தை அந்த இடத்துக்கு வந்து, தணிந்து, மூச்சைப் பிடித்து, "லொக்கு லொக்கு" என்றாள்.

டிரம்ஸ்காரரின் கை நின்றது.

"ஐயய்யோ! அது நான்! எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். போர்வையப் போத்திக்கிட்டு வாசிச்சேன்."

"இருமல் பாட்டுல கிடையாதா?" என்றாள் அத்தை மெதுவாக.

"எனக்கே தொண்டைல கிச்சுக்கிச்சும்மா. அடக்கி அடக்கிப் பாத்தேன், முடியல."

கிடார்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது, "கடையில எல்லாரையும் இரும வெச்சிருக்கேனேடி" என்றாள்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. டிரம்ஸ்காரர் குச்சியை எடுத்தார், மைக்கை இழுத்தார், "லொக்கு லொக்கு" என்று இருமினார். அத்தனை கூட்டத்திலும் அத்தை ஒருத்திதான் சிரித்தாள். தாடிக்காரர் இரண்டு கண்ணையும் திறந்தார். கிடாரில் அத்தை முனகிக் காட்டிய அதே துண்டு வந்தது. அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதான்டி, இதுதான்!" அடுத்த துண்டை அவள் உதடு ஆரம்பித்துவிட்டது. ஆனால் கீபோர்டுக்காரருக்கு அது தெரியாதே. அவர் வேறெங்கோ திருப்பினார், கிடாரும் பின்னாலேயே போயிற்று.

அத்தை வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னாள்:

"அடுத்து என்ன வரும்னு தெரியலடி."

"பிடிக்கலையா அத்தை?"

"சும்மா இரு, பேசாத."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். தெரியாத பாட்டைக் கேட்டு அவளுக்கு எத்தனை காலம் ஆயிற்றோ. ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் கால் தவறியவள்போல ஒரு சின்னத் திடுக்கிடல். பிறகு விழவில்லை என்று தெரிந்து ஒரு மூச்சு. கண்ணைத் துடைத்தாளா, வியர்வையைத் துடைத்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற துணிச்சலும் இல்லை.

அதைவிட ஆச்சரியம் மாமா. விழித்துக்கொண்டிருந்தார். விழித்தது மட்டுமல்ல, வலது கால் தரையில் எதையோ தேடித்தேடி அழுத்திக்கொண்டிருந்தது.

"டைவர்ஷன் எடுத்துட்டான்" என்றார் என்னிடம். "இவன் எப்படித் திரும்பப் போறான்? முன்னால போனவனும் சந்துக்குள்ள போயிட்டான். அகலம் பத்தாது, வண்டி மாட்டிக்கும்." கிடார் இன்னும் குறுகலான இடத்துக்குப் போயிற்று. "ரிவர்ஸ் எடுடா, ரிவர்ஸ் எடு" என்று மாமா பல்லைக் கடித்தார். தாடிக்காரர் அவர் பக்கம் சாய்ந்து, "அவரு எடுக்க மாட்டாரு, அங்கேயே ஒடிப்பாரு பாருங்க" என்றார். அதற்குள் எங்கிருந்தோ டிரம்ஸ் வந்து சேர, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அந்த நாலு வரிக்கு வந்து நின்றார்கள். ஒரு சிராய்ப்பு இல்லை. மாமா எழுந்து நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். கஞ்சிச் சட்டை அக்குளில் 'டர்ர்' என்றது. அவர் கவனிக்கவில்லை. அத்தை கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் அத்தை எல்லோரிடமும் இனி இரும வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாளாம். பழக்கம் விடவில்லை, இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் இப்போது விதவிதமான ஈரக்குடைகளைக் கேட்கிறாள். எல்லாம் தாடிக்காரரிடமிருந்து மாமா கொண்டுவந்து சேர்க்கும் பதிவுகள். மாமாவுக்கும் தாடிக்காரருக்கும் அப்படி ஒரு சிநேகிதம். எந்த ஊரில் எந்த வருடம் வாசித்தது ஒசத்தி என்று போனில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மாமா ட்ரிப் முடிந்து வந்தால் டீயைக்கூட மறந்துவிடுகிறார்.

ஆறேழு மாதம் கழித்துப் பக்கத்து ஊருக்கு அந்தக் குழு வந்தது. இந்தத் தடவை டிக்கெட் எடுத்தது மாமா, தாடிக்காரருக்கும் சேர்த்து. அன்று வாசிப்பு சுத்தமாகச் சரியில்லை. கிடார் ஒரு சந்துக்குள் நுழைந்து வெளியே வரத் தெரியாமல் நின்றது. கீபோர்டுக்காரர் யாரையோ பார்த்து முறைத்தார். பாட்டு பாதியிலேயே, வெட்கப்பட்டுக்கொண்டு முடிந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. அத்தை ஆசைப்பட்டு வந்தாளே என்று மெதுவாக அவள் பக்கம் திரும்பினேன்.

அத்தை பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"சொதப்பிட்டாங்க இல்ல?" என்றாள், மாமாவைத் தாண்டித் தாடிக்காரரைப் பார்த்து. அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "நான் அந்த முதல் திருப்பத்துலயே நினைச்சேன்" என்று அத்தை காலை மடக்கி நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள். "சரி, அடுத்தத ஆரம்பிக்கச் சொல்லுங்க. பாக்கலாம்."