வற்றியது தண்ணீர், உப்பு இல்லை

மருமகனுக்கு முன்னால் நான் கதிரையில் உட்கார்ந்ததில்லை. அவரோடு நேரே கதைத்ததும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து மாமியார்மாரின் பழக்கம் அது. எனக்குப் பிறவிக் கூச்சம் வேறு. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். இந்தப் பழக்கத்தால் ஒரு நீல மீன் செத்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் முன்னறையில் மருமகன் கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். விளக்குச் சூட்டிலும் ஃபான் காற்றிலும் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் அவர் வாளியில் உப்புக் கரைத்து, உப்புப் பார்க்கும் குழலைக் கண்ணில் வைத்து அளந்து, தொட்டியை நிரப்புவார். வாளியை அளந்தாரே தவிர, ஒருநாளும் தொட்டியை அளக்கவில்லை.

அடுப்பில் குழம்பு வற்றினால் போவது தண்ணீர்தானே? உப்பு சட்டிக்குள்ளேயே கிடக்கும். அதற்கு மேல் உப்புத் தண்ணீரை விட்டால் வாயில் வைக்க முடியுமா? மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் தொட்டித் தண்ணீரில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் ஊர்க் கடல்கூட இப்படிக் கரித்ததில்லை.

மகளிடம் சொன்னேன்.

"அம்மா, அவர் யூடியூப் பாத்து அளந்துதான் ஊத்துறார். இதென்ன உங்கட மீன் குழம்போ?"

நான் குசினிக்குப் போய் என் குழம்பைக் கிண்டினேன். அடுத்த கிழமை நீல மீன் மிதந்தது. மிச்சமிருந்த இரண்டு வரி மீன்களும் மூலையில் கிடந்து மூச்சு வாங்கின. மருமகன் மனம் விட்டுப்போய், தொட்டியோடு எல்லாவற்றையும் மீன் வாங்கின கடைக்கே திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் பைகளோடு வந்து நின்றார். நான் குசினியிலிருந்து வந்தேன். ஒரு கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

"தம்பி, இது ஒரு இடமும் போகாது."

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ சும்மா நில், பிள்ளை. நான் அவரோடதான் கதைக்கிறன். தம்பி, வாளியை அளந்தது போதும். இப்ப தொட்டியை அளந்து பாருங்கோ."

கடைக்காரர் சிரித்தார். "ஆச்சி எந்த யூனிவர்சிட்டி?"

"அஞ்சாம் வகுப்பு. இலக்கம் வாசிப்பன்."

மருமகன் அளந்தார். முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய கோடு நாற்பதைத் தாண்டி நின்றது. அவர் குழலைத் துடைத்து மறுபடி பார்த்தார். அதே நாற்பதுதான். சிரித்தவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், உப்பு நல்லாக் கூடிட்டுது. ஒரேயடியா குறைச்சா மீன் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க." வெறும் பைகளோடு போனார்.

காலையில் ஒரு செம்பு, பின்னேரம் ஒரு செம்பு தொட்டித் தண்ணீரை எடுத்து, அதே அளவு சுத்திகரித்த, உப்பில்லாத நல்ல தண்ணீர் விட்டேன். எட்டாம் நாள் கோடு முப்பத்தைந்துக்கு இறங்கியது. இரண்டு மீன்களும் தீன் தின்றன.

நீல மீனின் சாவில் எனக்கும் பங்குண்டு. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். இனி அது நடக்காது. மருமகன் வாளியைத் தூக்கினால் கதிரையில் இருந்தபடியே கேட்கிறேன்:

"தம்பி, அது உப்புத் தண்ணியோ, நல்ல தண்ணியோ?"