காப்பு இறங்கிய மறுநாள்

பிறர் சொல்லை முடியும்வரை செவிமடுக்கும் பொறை அரிய அறம். இலங்கையின் தெரணியகலைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்கையில் அவர்தம் மழலைகளைக் காக்கும் பிள்ளை மடுவத்தின் பொறுப்பாளர் திலகேஸ்வரியிடம் அவ்வறம் குறைவறக் குடிகொண்டிருக்கிறது.

தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இரு குழந்தைகளுக்குச் சின்னமுத்து எனும் தட்டம்மை கண்டது. ஒன்பது மாதம் நிரம்பாதோர்க்கும் ஊசி இடுமாறு கொழும்பிலிருந்து பணிப்பு வந்தது, நாள் சனிக்கிழமை. அதுவோ மாரியம்மன் திருவிழாவின் நடுநாள். காப்புக் கட்டிய வீட்டார் உடம்பில் அது இறங்கும்வரை ஊசி படலாகாது என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வழக்கம். சிங்களவரான குடும்ப நல மாது மல்காந்தி மடுவத்தில் மேசையிட்டுக் காத்திருந்தார். ஒன்பது தாய்மாரில் ஒருவரும் வரவில்லை.

ஏழுமாத மகனைப் பெற்ற ஷாமிளாவின் வீட்டுக்குத் திலகேஸ்வரி சென்றார்.

"ஏன்டி, புள்ளைக்கு ஊசி வேணாமா?"

"வேணாம்னு சொல்லலக்கா. எங்க வீட்டுக்காரரு கரகம் எடுக்குறாரு. இப்ப ஊசி குத்தி நாளைக்கு அம்மை போட்டுச்சுன்னா, லயமே எங்களத்தான் பேசும்."

"ஆத்தாளுக்குப் பயமா, லயத்துக்குப் பயமா?"

"லயத்துக்குத்தாங்கா கூட!"

இருவரும் நகைத்தனர்.

"காப்பு எப்ப இறங்குது?"

"புதன்கிழம."

"வியாழன் வருவியா?"

"வர்றேங்கா. கைய நானே புடிச்சுக்கிறேன்."

மற்றை எட்டுத் தாய்மாரும் அவ்வாறே இசைந்தனர். மல்காந்தியோ தயங்கினார்.

"அனே திலகா, ஒரு குப்பிய திறந்தா பத்துப் பிள்ளைக்கு. யாரும் வரல்லன்னா மருந்து வீண். நான்தானே பதில் சொல்லணும்?"

"ஒம்பது பேரு வருவாங்க மிஸ்ஸி. என் பேர எழுதிக்கங்க."

மல்காந்தி வைத்தியரோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசி வியாழனைப் பெற்றார்.

இடையிருந்த நாள்களில் திலகேஸ்வரி வாளாவிருக்கவில்லை. கீழ்ப்பிரிவுக் குழந்தைகளை வீட்டிலேயே வைத்திருக்கும்படி வேண்டிக்கொண்டார். ஷாமிளாவின் மகன் நெற்றியைக் காலையும் மாலையும் தொட்டுப் பார்த்தார். அதற்குள் நோய் பற்றினால், காத்திருக்கச் சொன்ன பழி தமதே என்பதை அறிந்திருந்தார். செவ்வாயன்று குழந்தை சற்றே சுட்டது. பல் முளைத்த சூடுதான் என்று தெளியும்வரை அவர் மடியிலிருந்து அதனை இறக்கவில்லை.

வியாழன் காலை ஒன்பதின்மரும் வந்தனர், ஷாமிளாவே முதலில். குழந்தை அலறிற்று. அவர் முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளை எடுத்து ஊசி பட்ட இடத்தில் பூசப் போனார்.

"எபா, எபா! அதுல ஒன்னும் பூச வேணாம்!" என்றார் மல்காந்தி.

"நெத்தியில வையிடி. ஆத்தாளுக்கு அங்க வச்சாலும் தெரியும்," என்றார் திலகேஸ்வரி.

மல்காந்தி சிரித்தபடியே அடுத்த பிள்ளையை அழைத்தார். பத்தாம் பங்கு மருந்து வீணாயிற்று. அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. அம்முறை மேல் லயங்களில் எந்தக் குழந்தைக்கும் சின்னமுத்து காணவில்லை.

திலகேஸ்வரியின் அடுப்பில் என்றும் உலை கொதிக்க! அவர் கணவர் சின்னத்தம்பி நோயின்றி நெடிது வாழ்க! மகள் சுமித்ரா கல்வியில் ஓங்குக! மாரி அருள் மழையாய்ப் பொழிந்து அக்குடி தழைக்க!