ஓய்வெடுங்கள், ஹாப்ஸ்

"என் மேல்கோட்டை எடு, ஹாப்ஸ்," என்கிறார் மெலாஹத் ஹானிம், நடைவழியின் நடுவில் நின்றுகொண்டு. தேநீர்த் தட்டோடு வந்த இத்ரிஸ் அப்படியே நின்றுவிடுகிறார்.

"அக்கா, இது என்கிட்டயா, படத்துக்கா?"

"படத்துக்குத்தான். கோவம் வந்துச்சா?"

"லேசா வந்துச்சு."

"எவ்வளவு லேசா?"

மெலாஹத் ஹானிம், அதாவது மெலாஹத் அம்மா, மொழிபெயர்ப்பது இப்படித்தான். ஆங்கிலத் தொடர் ஒன்றில் பிரபு தன் பட்லரிடம் பேசும் வசனங்களைத் துருக்கியில் எழுதி, எங்கள் இஸ்தான்புல் ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிர்ப்படுகிறவர்கள் மேல் வீசிப் பார்ப்பார். தாளில் சரியாக இருக்கும் வாக்கியம் முகத்தில் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். உதட்டசைவு பொருந்துகிறதா என்று வாயில் விரலை வைத்துக்கொண்டே பேசுவதால், உதட்டுச் சாயம் பாதி கன்னத்தில்தான் இருக்கும். கைப்பைக்குள் கடித்து வைத்த சிமித் ரொட்டியிலிருந்து எள் உதிர்ந்தபடி இருக்கும்.

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். எங்கள் மொழியில் நீயா, நீங்களா என்று முடிவுசெய்யாமல் வாயைத் திறக்க முடியாது; வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். தொடர் முழுக்க ஹாப்ஸுக்கு 'நீ'தான். கடைசிப் பகுதியில் மாளிகை விற்றுப்போகிறது. காலிக் கூடத்தில் நின்று பிரபு தன் வயதான பட்லரைப் போய் ஓய்வெடுக்கச் சொல்கிறார். அங்கே மட்டும் மெலாஹத் ஹானிம் 'போய் ஓய்வெடுங்கள்' என்று எழுதிவிட்டார்.

இயக்குநர் தைஃபுன் பே, அதாவது தைஃபுன் ஐயா, விடவில்லை.

"ஆங்கிலத்துல மரியாதை ஒண்ணும் கூடலையே, ஹானிம்?"

"கூடியிருக்கு. அதை வைக்க அவங்க மொழியில இடமில்ல. நம்மகிட்ட இருக்கு."

"ஒரு அசை அதிகம். அதுக்கு முன்னாடியே பிரபுவோட உதடு மூடிடுது."

"அப்ப 'போய்'ங்கிறதை எடுத்துடுங்க. கச்சிதமா உக்காரும்."

"நேத்து வரைக்கும் நீன்னவர் இன்னிக்கு நீங்கன்னா, பாக்கறவன் சிரிப்பான். மாத்துங்க. இல்லேன்னா அடுத்த தொடர் வேற ஆளுக்கு."

"சிரிக்கறவன் சிரிக்கட்டும்."

அந்த அடுத்த தொடரை நம்பித்தான் அவர் பள்ளி ஆசிரியை வேலையை விட்டிருந்தார். அது தைஃபுன் பேவுக்கும் தெரியும்.

என் அப்பா ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயில்காவலர். நான் பட்டம் வாங்கியதிலிருந்து அங்கே குடியிருப்பவர்கள் என்னை 'நீங்கள்' என்கிறார்கள். பக்கத்திலேயே நிற்கும் அப்பா இன்னும் 'நீ'தான். எனக்குக் கிடைப்பது மரியாதையா, எங்கள் இருவருக்கும் நடுவே யாரோ போட்ட கோடா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை. மெலாஹத் ஹானிமுக்கு இப்படிக் குழப்பம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிரபுவுக்குக் குரல் கொடுக்கும் ஹாலுக் பேவிடம், "நீங்க 'ஓய்வெடு'ன்னே பேசுங்க," என்று தைஃபுன் பே உத்தரவிட்டார். ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிவதற்குள் மெலாஹத் ஹானிம் கண்ணாடி அறைக்குள் நுழைந்து, ஹாலுக் பேவின் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எழுதினவ பக்கத்துல இருந்து கேக்கக் கூடாதா?"

"போய் ஓய்வெடு..." என்றார் ஹாலுக் பே. பின்னாலிருந்து ஓர் இருமல்.

மறுபடி ஆரம்பித்தார். அதே வாலில் அதே இருமல்.

"தண்ணி வேணுமா, ஹானிம்?" ஒலிபெருக்கியில் தைஃபுன் பேவின் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

"வேணாம். தொண்டை நல்லாத்தான் இருக்கு."

ஹாலுக் பே சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைத் திரும்பவும் தூக்கினார். மெலாஹத் ஹானிம் முதுகை நிமிர்த்தி, கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய்த் தயாராக வைத்துக்கொண்டார்.