ஏழாவது சரணம்

போடில் க்ராருப் இருபத்தேழு வருடமாக வாசகர் கடிதப் பக்கத்தைக் கவனித்துவந்தாள். வியாழன்தோறும் லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரை ஊர்களில் தபால் பெட்டிகளில் விழும் பத்திரிகை அது. அவளுடைய சட்டம் ஒரே வரிதான்: பெயரும் முகவரியும் இருந்தால் அச்சாகும். மேயரைக் கொழுத்த பன்றி என்றவர், பாதிரியார் மனைவியின் தொப்பியைப் பழித்தவர், அகதிகள் விடுதியைக் கடலில் தள்ளச் சொன்னவர் எல்லாரும் அச்சேறினார்கள். விடுதியிலிருந்து வந்த பதிலும் அதே இடத்தில், அதே எழுத்தளவில் வந்தது. மொத்தம் மூன்று கடிதங்களைத்தான் நிறுத்தியிருக்கிறாள். இரண்டை வக்கீல் தடுத்தார். மூன்றாவதில் வீட்டு எண் இல்லை.

"மனசு நோகாத பத்திரிகை வேணும்னா ரயில் அட்டவணையைப் படி" என்பாள். ரயில் அட்டவணையைப் படித்து நொந்தவர்களும் எழுதினார்கள். அவற்றையும் போட்டாள்.

ஏழு வருடத்துக்கு முன் எவால்ட் ஸ்கௌ என்ற விவசாயி, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த தோர்கில் யூலைப் பற்றி இரண்டு வரி எழுதினார்: 'நம் தோர்கில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டா வாசிக்கிறார்?' ஊர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்தது. யாரோ தேவாலயக் கதவில் ஒரு ஜோடி கையுறையை மாட்டினார்கள். தோர்கில் அலுவலகத்துக்கு வந்தான்.

"இதைப் போட்டே ஆகணும்னு என்ன இருந்துச்சு, போடில்?"

"பேரு இருக்கு, முகவரி இருக்கு. நீயும் பதில் எழுது, அடுத்த வியாழன் போடறேன்."

"நான் எழுதறவன் இல்ல. வாசிக்கறவன்."

வசந்தம் வருமுன் அவன் ஆர்கனை விட்டுவிட்டான். விருந்துகளில் பியானோ வாசிப்பதோடு சரி. அவளைப் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

இந்த ஜூனில் போடிலுக்கு அறுபது ஆயிற்று. அறுபது என்றால் ஊர் மன்றத்தில் விருந்து, மேஜையெங்கும் சின்னக் கொடிகள், அப்புறம் பாட்டு. தெரிந்த மெட்டில் உறவினர்கள் கிண்டலாகப் புது வரி கட்டி, அச்சடித்து, தட்டுக்கு ஒன்று வைப்பார்கள். எல்லாரும் பாட, பிறந்தநாள்காரர் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் ஊர் மன்னிக்காது. திருடினால்கூட இரண்டு வருடத்தில் மறந்துவிடும்.

மூன்று மணிக்குக் கொடி வைக்க வந்த போடில், ஒரு தாளைப் பிரித்துப் படித்தாள். எட்டுச் சரணத்தில் முதல் ஆறு அவளுடைய சைக்கிளையும் காபியையும் வாரின. ஏழாவது இப்படி இருந்தது:

ஊருக்கெல்லாம் பதில் எழுத இடம் கொடுத்தாள் போடில்,
ப்ரேபனுக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை வீட்டில்,
கேரவனை மாட்டிக்கொண்டு போய்விட்டான் ரோட்டில்!

ப்ரேபன் அவள் கணவன். காருக்குப் பின்னால் கேரவன் வண்டியை மாட்டிக்கொண்டு அவளை விட்டுப் போய்ப் பதினோரு வருடம். போடிலின் எதிரில் யாரும் அதைப் பேசியதில்லை. சமையலறையில் க்ரீம் அடித்துக்கொண்டிருந்த தங்கை இங்கர்தான் பாட்டைக் கட்டியவள்.

"ஏழாவதை எடுத்துடு, இங்கர்."

"நாப்பத்தெட்டு தாள் அச்சடிச்சாச்சு. பாட்டுலயே நல்ல இடம் அதுதான்."

"அது தமாஷ் இல்ல."

"மேயரும் இதேதான் சொன்னார். நீ அவருக்கு என்னக்கா பதில் சொன்ன?"

ஒரு வழிதான் மிச்சம். பியானோ நின்றால் பாட்டும் நிற்கும். தோர்கில் பியானோ பெடலை அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தான். சுற்றுவட்டாரத்தில் வாசிக்க வேறு ஆள் இல்லை.

"ஆறோட நிறுத்திடறியா, தோர்கில்?"

"ஏன், ஏழாவதுல பொய் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுதிக் கொடு. பேரும் முகவரியும் போட்டு."

கொடி அச்சிட்ட காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து எழுதினாள்: 'ஏழாவது சரணத்தை வாசிக்க வேண்டாம். போடில் க்ராருப், துறைமுகத் தெரு 14.' அவன் படித்தான், மடித்தான், சட்டைப் பையில் போட்டான்.

வறுத்த பன்றி இறைச்சிக்கும் கேக்குக்கும் நடுவில் பாட்டு ஆரம்பித்தது. ஆறு சரணமும் போடில் சிரித்தாள். தோர்கில் நிறுத்தவில்லை. ஏழாவது தொடங்கியதும் அவன் விரல்கள் தடுமாறின. ஒரு கட்டை பிசகியது, அடுத்தது தாமதித்தது. நாற்பத்தெட்டுக் குரல்களில் பாதி முன்னால் ஓடியது, பாதி 'ப்ரேபனுக்கு' என்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டது. "கையுறையைக் கழட்டுப்பா, தோர்கில்!" என்று எவால்ட் கத்த, மன்றமே சிரித்தது. சரணம் அந்தச் சிரிப்பில் போயிற்று. எட்டாவதைத் தோர்கில் ஒரு பிசிறில்லாமல் வாசித்தான்.

திங்களன்று எவால்டின் கடிதம் வந்தது: 'விருந்தில் தோர்கில் குடித்திருந்தாரா, இல்லை எப்போதுமே இப்படித்தானா?' பெயர், முகவரி, வீட்டு எண், எல்லாம் ஒழுங்கு. போடில் அதை ஜன்னலோரம் வைத்தாள். செவ்வாயும் அங்கேயே இருந்தது. புதன் மதியம், பக்கம் முடிக்கும் நேரத்தில், தோர்கிலை அழைத்தாள்.

"உன்னைப் பத்தி ஒரு கடிதம் வந்திருக்கு. நிறுத்திடட்டுமா?"

"வீட்டு நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போடு. நான் பதில் அனுப்பறேன்."

"நீதான் எழுதறவன் இல்லையே?"

"எழுத வேண்டியதில்ல. கையில இருக்கு."

அடுத்த திங்களன்று உறை வந்தது. உள்ளே, விருந்தன்று அவள் எழுதிக் கொடுத்த காகிதக் கைக்குட்டை, மடித்தபடி, ஓரத்தில் குழம்புக் கறை. பெயர் இருந்தது, முகவரி இருந்தது, வீட்டு எண்ணும் இருந்தது. போடில் இரண்டு முறை சரிபார்த்தாள்.

வியாழனன்று அது வந்தது, எவால்டின் கடிதம் வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில்.