ஏனுங்க என்றால் வாங்கிவிடுவார்

மலைமேல் வளப்பூர் நாட்டில் சென்றாயன் வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். சாமை மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சலவைப்பெட்டி இருக்கும். அதை வைத்துத் தேய்க்க அந்த வீட்டில் சட்டை என்று ஒன்று கிடையாது. கூரையில் வரிசையாகக் குடைகள் செருகியிருக்கும். மழை வந்தால் சென்றாயன் மலையில் உள்ள மற்றவர்களைப் போலவே சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போவார். மாடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. அவருக்கோ எதிர்மலையில் மேய்கிற ஆடு யாருடையது என்று சொல்கிற பார்வை.

எல்லாம் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கியவை. மலைக்கு ரோடு வராத, வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மாசியில் மிளகு காய்ந்ததும் சென்றாயன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குவார். மிளகு வியாபாரி சாமியப்பனிடம் போட்டுக் காசை மடியில் முடிவார். "உப்பு, ஒரு சேலை. மிச்சம் எருது வாங்க" என்று மனைவி பாவாயி சொல்லி அனுப்பியிருப்பாள். அவர்களுக்குச் சொந்த எருது இல்லை. பாவாயியின் அண்ணன் சின்னுசாமி தன் காட்டை உழுது முடித்த பிறகு எருதுகளைத் தருவார். அதனால் வருசா வருசம் இவர்கள் விதைப்பு பிந்தும்.

சென்றாயன் திரும்பி வருவார். உப்பு இருக்கும். சில வருசம் சேலையும் இருக்கும். எருதுக் காசுக்குப் பதிலாக ஏதாவது பளபளப்பாக ஒன்று இருக்கும்.

"இதைக் கொண்டுபோயி ஏர்ல பூட்டறீங்களா?" என்று சலவைப்பெட்டியைப் பார்த்து பாவாயி கேட்டாள்.

அவருக்கும் வெட்கம்தான். மாற வேண்டும் என்று என்னென்னவோ செய்து பார்த்தார். கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த சந்தையில் வாங்கிய பித்தளைச் செம்பு அந்தக் கோயிலுக்குத்தான் என்று சமாதானம் சொன்னார். ஒருமுறை சாமியப்பனிடமே காசைக் கொடுத்து, "நானே வந்து கேட்டாலும் தராதீங்க" என்றார். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்குள் திரும்பி வந்து கேட்டார். சாமியப்பன் தரமாட்டேன் என்றதும் அவருடன் சண்டைக்கே போய்விட்டார். இன்னொருமுறை மிளகுக் காசுக்கென்று வேட்டி விளிம்பில் ஒரு பை வைத்துத் தைத்து அனுப்பினாள் பாவாயி. காசை அதில் போட்டு, சாமியப்பன் வீட்டு ஊசியை வாங்கி, பையின் வாயையும் தானே தைத்தார். சந்தை நடுவில் அந்தத் தையலைப் பிரிக்க வேட்டி நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதை ஊரே வேடிக்கை பார்த்தது.

காரணம் தெரிந்தது மூக்குக்கண்ணாடியால்தான். கந்தப்பன் கடையில் வாங்கியது. வாங்கி நாலடி நடப்பதற்குள் காது மாட்டுகிற கம்பி கழன்றுவிட்டது. மாற்றித் தரச் சொல்லித் திரும்பிப் போனார்.

"என்னப்பா வேணும்? வெளிச்சத்த மறைக்காத, அந்தண்ட நில்லு" என்றார் கந்தப்பன்.

சற்று முன்தான் இதே கந்தப்பன், "ஏனுங்க கவுண்டரே, வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று பாய் போட்டு வெற்றிலை நீட்டியிருந்தார். அந்தப் பாயில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கீழ்நாட்டில் தெருவில் நடந்தால் "டேய் மலையா, தள்ளிப் போ" என்பார்கள். கடைக்குள்தான் அவர் கவுண்டர்.

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். பாவாயி முதலில் சிரித்துவிட்டாள்.

"அந்த ஏனுங்கவுக்கா இத்தனை வருச மிளகும் போச்சு? நானுந்தான் உங்கள ஏனுங்கன்னு கூப்பிடறேன். எனக்கு என்னத்த வாங்கிக் கொடுத்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. களை எடுக்கும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். காசு மடியில் இருக்கிற வரைக்கும் மரியாதை. காசு கை மாறியதும் அது போய்விடுகிறது. அப்படியானால் காசை எதற்காகக் கைமாற்ற வேண்டும்?

அடுத்த முறை கந்தப்பன் பாய் போட்டதும் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணாடி விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலை போட்டார். விலை கேட்டார். பிறகு எழுந்து, "அடுத்த சந்தைக்கு வாரேனுங்க" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மடியில் கனத்தது தன் காசுதான் என்றாலும் யாரிடமோ திருடிக்கொண்டு போவது போல இருந்தது. அடிவாரம் தாண்டிய பிறகுதான் மூச்சே சீரானது.

அடுத்த சந்தையில் கந்தப்பன் தெருமுனைக்கே வந்து அழைத்தார். விளக்கின் விலையும் இறங்கியிருந்தது. எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியே போட்டார். வாங்கி முடித்த சென்றாயனைவிட வாங்கப்போகிற சென்றாயனுக்கு மவுசு அதிகம் என்பது அவருக்கு விளங்கியது. ஒரே காசைக் காட்டி நாலு கடையில் உட்கார்ந்து வரப் பழகினார்.

நடுவில் ஒரு நாள் சறுக்கியதையும் சொல்லத்தான் வேண்டும். கிளியில்லாத கிளிக்கூண்டு ஒன்றை வாங்கிவந்தார். பாவாயி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் அவர் கிளியையும் வாங்கி வந்திருப்பார். திட்டாததால் கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கே குறுகுறுத்தது.

இரண்டு மிளகு வெள்ளாமை அப்படிப் போனது. எருதுக்குக் காசு சேர்ந்துவிட்டது. பாவாயி நானும் வருகிறேன் என்று கூடவே இறங்கினாள்.

மாட்டுத் தரகர் கருப்பண்ணன் நல்ல ஜோடி ஒன்றைக் காட்டினார். பல் பார்த்தாயிற்று, சுழி பார்த்தாயிற்று. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துப் பேசி விலையும் படிந்துவிட்டது. காசை எடுக்க வேண்டிய நேரத்தில் சென்றாயன் எழுந்து துண்டை உதறினார்.

"அடுத்த சந்தைக்கு வாரேனுங்க."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் பழகிப்போயிருந்தது. கையும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தரகர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்.

"ஏனுங்க!" என்றாள் பாவாயி. "மழை அடுத்த சந்தை வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்? எடுங்க காசை."

"கை வரமாட்டேங்குது பாவாயி" என்றார் அவர், பரிதாபமாக.

அவளே முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொரு ரூபாயும் போகும்போது சென்றாயன் முகம் பல் பிடுங்குகிறவன் முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி ஆனது.

கீழ்நாட்டு எருதுகளுக்கு மலைப்பாதை பிடிக்கவில்லை. முதல் ஏற்றத்திலேயே ஒன்று படுத்துக்கொண்டது. முன்னால் பாவாயி புல்லைக் காட்டி இழுக்க, பின்னால் சென்றாயன் தோள் கொடுத்துத் தள்ள, வழியில் ஒரு பாறையடியில் தங்கி, மறுநாள்தான் வளப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருசம் முதல் மழைக்கே அவர்கள் காட்டில் ஏர் ஓடியது. சின்னுசாமி வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இடப்பக்கத்து எருது கொஞ்சம் சோம்பேறி என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.