பெஞ்சுக்கடியில் ஒரு ஜோடி பூட்ஸ்

மீன் வெட்டும் கூடத்தில் அவரைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலிருக்கும் கத்தியால் வந்த பேரா, வாயால் வந்த பேரா என்பதில் கூடத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எடை போடுகிறவன். அக்காவின் தட்டில் முள் இருக்கிறதென்று ஒருநாளும் திருப்பி அனுப்ப நேர்ந்ததில்லை.

அக்கா அந்த ஊரிலேயே பிறந்தவர், ஓட்டு உள்ளவர். நான் வெளியிலிருந்து வந்தவன். வேலை அட்டை இருக்கிறது, அது காலாவதியாகிவிடுமோ என்கிற பயமும் இருக்கிறது. அட்டையே இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் கூடத்தில் பாதிப் பேர். குறைந்த கூலிக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நிற்பார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். அதனால் மதியம் தொடங்கி நடுராத்திரி வரை போகும் முழு ஷிப்ட் அவர்களுக்கு; காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும் அரை ஷிப்ட் அக்கா மாதிரி உள்ளூர்க்காரர்களுக்கு.

ஆறு மாதம் விடாமல் முழு ஷிப்ட் பார்த்த உள்ளூர்க்காரர்களைத்தான் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் கம்பெனிக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அக்கா இருந்தது ஒற்றை அறையில், கணவரோடும் படுத்த படுக்கையான மாமனாரோடும். பெண் வளர்ந்ததும் படுக்க இடமில்லாமல் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார். நாத்தனார் நல்லவர்தான். ஆனாலும், பெற்றவள் விருந்தாளி மாதிரி வந்து போவதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே ஒரு குத்து வைக்காமல் விடமாட்டார்.

அந்த இரண்டு அறைக்காகத்தான் அக்கா ஓட்டுப் போட்டார். முதலில் வேலி கட்டுவோம் என்ற கட்சிக்கு. அவர்களும் கட்டினார்கள். "வேலியப் போட்டுட்டு, கேட் சாவிய நம்ம மொதலாளி கையில குடுத்துட்டாங்க" என்பார் அக்கா. அடுத்த முறை, வந்தவர்களுக்கும் அட்டை கொடுத்து ஒரே கூலி ஆக்குவோம் என்ற கட்சிக்கு. அவர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். அது இன்னும் டீ குடித்துக்கொண்டிருப்பதாக அக்கா சொல்வார்.

ஒரு நாள் கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். "ஒண்ணு, உள்ள விடாதீங்க. இல்லையா, விட்டவங்களுக்கு எங்க கூலியவே குடுங்க. ரெண்டுல ஒண்ணாவது செய்யுங்கன்னுதானே கேக்கறேன். இதுல என்னப்பா கஷ்டம்?" என் முகம் எப்படிப் போயிற்றோ, உடனே, "உன்னைச் சொல்லலப்பா, உங்கிட்டதான் கார்டு இருக்கே" என்றார். எனக்கு அதனால் பயம் தெளிந்துவிடவில்லை.

தேர்தல் நெருங்கினால் கூடத்தில் சோதனை நடக்கும். முன்னால் டிவி வண்டி, பின்னால் போலீஸ் வண்டி. அட்டை இல்லாதவர்களை வரிசையாக ஏற்றிப் போவார்கள். போனவர்களின் ரப்பர் பூட்ஸ் பெஞ்சுக்கடியில் அப்படியே கிடக்கும். யாரும் அதைத் தொடக்கூடாது என்பது மேஸ்திரியின் உத்தரவு. ஓட்டு எண்ணி முடிந்த பிறகு, வேறொரு கான்ட்ராக்டர் பேரில் பக்கவாட்டுக் கதவு வழியாக அதே ஆட்கள் வந்து, அதே பூட்ஸில் கால் விடுவார்கள்.

போன தேர்தலில் மட்டும் ஒன்று மாறியது. வேலிக் கட்சி மறுபடி ஜெயித்து, பதவியேற்ற பின்னால் சோதனை நடத்தியது. ஓட்டு வாங்கியாகிவிட்டது, இனி யாருக்காக நாடகம் போடப் போகிறார்கள் என்று அக்கா கணக்குப் போட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, அதிலிருந்த தேதியை நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு முழு ஷிப்ட் கிடைத்தது. மாதங்கள் ஓடின. இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள் என்று மேனேஜரே சொன்னார். ஒரு நாள் பெஞ்சைக் கழுவும்போது, பக்கத்து இடத்தில் கிடந்த பூட்ஸை அக்கா குப்பை வண்டியில் தூக்கிப் போட்டார். அது சின்னப்பொண்ணு என்று எல்லோரும் கூப்பிட்ட, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தியுடையது. மேஸ்திரி பார்த்தார், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அந்த வாரமே அக்கா பெண்ணைப் பையும் பெட்டியுமாகக் கூட்டி வந்துவிட்டார். வீடு கிடைக்கிறவரை அடுப்புப் பக்கம் படுத்துக்கொள்ளட்டும் என்றார்.

ஆறாவது மாதம் முடிவதற்குள் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஏற்றுமதி தேங்கிவிட்டதென்று முதலாளிகள் போய்ப் பேசினார்களாம், அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டதாம். அக்காவுக்கு நாளையிலிருந்து அரை ஷிப்ட் என்று மேனேஜர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் மதியம் சின்னப்பொண்ணு வந்து பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், அவள் காலில் துணிச் செருப்பு.

ஷிப்ட் முடிந்த அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினார்.

"காலையில எனக்கு வேணும். ஈரத்தோட வைக்காத."

அவள் தலையசைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று சாயந்தரம் பெண்ணின் பெட்டி கனமென்று அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். பெண் வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு கட்சிப் போஸ்டரும் வெயிலில் வெளுத்துத் தொங்கின. அக்கா அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நாத்தனார் கதவைத் திறந்தார். அக்கா சொல்வதற்கு ஏதோ தயார் செய்து வைத்திருந்தார் போல, வாயெடுத்தார். நாத்தனார் அதற்கு இடம் வைக்கவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குத்தல் இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவ கட்டில நான் இன்னும் மடக்கவே இல்ல அண்ணி."