பழம்புளி நிறத்து அறை

பள்ளிக்கூடத்தில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வகுப்பு வாசலில் நின்று, "பையை எடுத்துக்கிட்டு வா பிள்ளே, உங்க மதினி போயிட்டா" என்றார். என் அண்ணன் மனைவி செல்லம்மாள் எங்கள் வீட்டில் கண்டது ஒரே ஒரு பொங்கல். காய்ச்சலில் போனாள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். காய்ச்சல் உண்மைதான். மீதியை, எல்லாரும் உறங்கிய பிறகு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது மதினி தன் அறைக்கு மட்டும் நிறம் கேட்டாள். பெயிண்டர் சுவரில் இரண்டு பட்டை பூசிக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். "இது கருப்பட்டி, அது பழம்புளி. பகல்ல பாத்து முடிவு பண்ணாத, ஏட்டி. பொழுதடைஞ்சு பல்பு போட்ட பெறகு பாரு" என்றாள். பார்த்தேன். கருப்பட்டி கறுத்து அறையே சுருங்கிப்போனது. புளியிலிருந்து மெல்லச் சிவப்பு எழுந்து வந்தது.

"கருப்பட்டியே அடிங்க. எண்ணெய்த் தலையச் சாச்சாலும் கறை தெரியாது" என்றாள் அம்மா. மதினி பெயிண்டரிடம் மெதுவாகப் பழம்புளியையே அடிக்கச் சொன்னாள். பகலில் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மதினியின் அப்பா சீவலப்பேரியிலிருந்து மகளுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவந்தார். கரும்பு, பனங்கிழங்கு, வெண்கலப் பானை. அவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே இருட்டியது. அம்மா விளக்கைப் போட்டாள். சுவர் சிவந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, பகல்ல ஒரு நிறம், லைட்டப் போட்டா ஒரு நிறம். உங்க மக கணக்கா."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சின்னப் பிள்ள, தெரியாமப் பண்ணிட்டா."

"தெரிஞ்சுதான்ப்பா பண்ணினேன்" என்றாள் மதினி.

மறுநாள் அம்மா அவள் கையில் உப்புத்தாளைக் கொடுத்தாள். முழுச் சுவரையும் அவளே தேய்த்து எடுக்க வேண்டும். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காய்ச்சல் வந்த பிறகும் தேய்த்தாள். "உங்க அம்மைக்கு இனி என் தலையும் புளி நிறம்" என்று என்னிடம் சிரித்தாள். முடியெல்லாம் செந்தூள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "சுவரு முடியட்டும். நீயும் இன்னொரு வீட்டுக்குப் போறவதான், வாய மூடு" என்றாள் அம்மா.

மதினி சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் முன்னால் அம்மா பகலெல்லாம் மாரில் அடித்து அழுதாள். கடைசி ஆளும் போனதும் விளக்கைப் போட்டு, கண்ணைத் துடைக்காமலே அண்ணனிடம் சொன்னாள்: "பதினாறு கழியட்டும், கருப்பட்டி அடிச்சிருவோம். வாரவளுக்கு என்ன தெரியப் போவுது."

பீரோவுக்குப் பின்னால், உப்புத்தாள் எட்டாத இடத்தில், ஒரு பட்டைப் புளி மிச்சமிருக்கிறது. அதையும் மூடிவிடுவார்கள். மதினி எனக்கு விட்டுப்போனது, எப்போது பார்க்க வேண்டும் என்பதை. பொழுதடைந்த பிறகு அம்மாவைப் பார்க்கிறேன், அண்ணனைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. அண்ணனுக்கு அடுத்து வருகிறவள் யாராக இருந்தாலும், அவள் சம்மதம் சொல்வதற்கு முன்னால், அந்த நேரத்தில் ஒருதரம் வந்து இந்த வீட்டைப் பார்க்கச் சொல்வேன்.